பெயர் ஒன்றுதான், சரக்கு வேறு

எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னதும் விவரம் தெரிந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த பிரம்மதேசம்?" என்பதுதான். செய்யாறு பக்கம் ஒரு பிரம்மதேசம் உண்டு. ராஜேந்திர சோழனோடு உயிர்விட்ட வீரமாதேவியின் நினைவாகத் தண்ணீர்ப் பந்தல் வைத்த கல்வெட்டு இருக்கிற ஊர் அது. அம்பாசமுத்திரம் பக்கம் பெரிய கைலாசநாதர் கோயிலோடு ஒன்று. எண்ணாயிரம் பக்கத்தில், எங்கள் விழுப்புரம் மாவட்டத்துக்குள்ளேயே, இன்னொன்று. நாங்கள் திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில், உப்புக்காற்று வருகிற பக்கம் இருக்கிறவர்கள். என் ஓய்வூதியக் காகிதம் ஒன்று ஒருமுறை வேறு பிரம்மதேசத்துக்குப் போய் மூன்று வாரம் தங்கிவிட்டு வந்தது. பெயர் ஒன்றாக இருந்தால் சரக்கும் ஒன்றாக இருக்கும் என்று நம்பக் கூடாது என்பதை அன்றே கற்றிருக்க வேண்டும். கற்கவில்லை. அதற்கான தண்டத்தை என் பெரிய பையன் மிச்சிகனில் டாலரில் கட்டினான். அந்தக் கதையைத்தான் இன்று எழுதுகிறேன். கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் யாராவது வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

பையனுக்குக் கொஞ்ச வருடமாக கோல்ஃப் பைத்தியம். நான் கோல்ஃப் மைதானத்தைப் பார்த்ததே இரண்டு முறைதான். இரண்டும் கொடைக்கானலில், வேலிக்கு வெளியே நின்று. 1895-ல் வெள்ளைக்காரர்கள் அங்கே தொடங்கிய கிளப் அது. நமக்கெல்லாம் கில்லி தாண்டுதான் தெரியும். "குச்சியால அடிச்சுட்டு அது எங்க விழுதுன்னு பாக்கறதுதானேடா ரெண்டும்?" என்றேன். அவன் சிரித்தானே ஒழிய மறுக்கவில்லை.

மிச்சிகனில் நவம்பர் வந்தால் மைதானம் மூடிவிடும். மார்ச் முடிகிற வரைக்கும் பனிதான். அதனால் அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. வீட்டு கராஜில் காரை வெளியே தள்ளிவிட்டு, ஒரு பக்கம் கெட்டியான வெள்ளைத் திரை கட்டுகிறார்கள். தரையில் செயற்கைப் புல் விரிப்பு. மேலே ஒரு புரொஜெக்டர். பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, அதற்கு லாஞ்ச் மானிட்டர் என்று பெயர். நிஜக் குச்சியால் நிஜப் பந்தைத் திரையைப் பார்த்து அடிக்க வேண்டும். பந்து திரையில் மோதிக் கீழே விழுந்துவிடும். ஆனால் படத்தில் அது பறந்துகொண்டே போகும். மரம், குளம், மணல் குழி எல்லாம் படத்தில் இருக்கும். குளத்தில் விழுந்தால் தண்ணீர் தெறிப்பது கூடத் தெரியும். நான் அடித்த முதல் மூன்று பந்தும் குளத்துக்குத்தான் போயின.

இரண்டு வருடம் முன்பு அவன் இதை அமைக்கும்போது போனில் கேட்டான். "அப்பா, இதுக்கு லேப்டாப் வாங்கறதா, டெஸ்க்டாப் வாங்கறதா?" நான் மின்வாரியத்தில் 34 வருடம் குப்பை கொட்டியவன். வீட்டில் எதற்கு பிளக் இருந்தாலும் என்னைக் கேட்பது வழக்கமாகிவிட்டது. நானும் யோசிக்காமல் சொன்னேன்: "லேப்டாப் வாங்குடா. ரெண்டுலயும் அதே கார்டுதான் போட்டிருக்கான். டெஸ்க்டாப் இடத்தை அடைக்கும். லேப்டாப்னா ஊருக்கு வரும்போது தூக்கிக்கிட்டு வரலாம்." ஊருக்கு அவன் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவான். அந்த மூன்று வாரத்துக்காக ஐந்து வருடத்துக்கான சாமானைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன புத்திசாலி நான்.

அவன் மெலிதாக, அழகாக, விலை அதிகமாக ஒரு லேப்டாப் வாங்கினான். கம்பெனி பெயர் வேண்டாம். சாமான் கெட்ட சாமான் இல்லை. அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்கு நாங்கள் வாங்கவில்லை, அவ்வளவுதான்.

போன குளிர்காலம் நானும் வீட்டுக்காரம்மாவும் அங்கே போயிருந்தபோது பையன் புலம்பினான். முதல் கால் மணி நேரம் நன்றாக ஓடுகிறதாம். அப்புறம் படம் திக்குகிறதாம். பந்து பறக்கிறது, நிற்கிறது, மறுபடி தாவுகிறது. நண்பர்கள் நான்கு பேர் வந்தால் மூன்றாவது ஆள் அடிக்கும்போது எல்லோருக்கும் தலை சுற்றல். சாஃப்ட்வேரை அழித்துப் போட்டுப் பார்த்தான். இணைய இணைப்பை மாற்றினான். கேபிளை மாற்றினான். லாஞ்ச் மானிட்டர் கம்பெனிக்குக் கடிதம் எழுதினான். ஒன்றும் சரியாகவில்லை.

எனக்கு இந்தச் சாஃப்ட்வேர் எதுவும் தெரியாது. ஆனால் ஒன்று தெரியும். தொடக்கத்தில் நன்றாக ஓடி, கொஞ்ச நேரம் கழித்துத் தடுமாறுகிற எந்த இயந்திரத்தையும் முதலில் தொட்டுப் பார்க்க வேண்டும். தொட்டேன். தோசைக்கல். அதுவும் அவன் அதைத் தரையில், அந்தச் செயற்கைப் புல் மேலேயே வைத்திருந்தான். அடியில் காற்று இழுக்கிற ஓட்டை முழுக்கப் புல்லால் அடைபட்டிருந்தது.

இரண்டு மரக்கட்டையை வைத்துத் தூக்கி வைத்தோம். கால் மணி நேரம் ஓடியது அரை மணி நேரமாயிற்று. அப்புறம் அதே திக்கல். அப்போதுதான் பையன் உள்ளே இருக்கிற கிராஃபிக்ஸ் சில்லு எவ்வளவு வாட் எடுக்கிறது என்று காட்டும் ஒரு நிரலை ஓட்டினான். 60-ல் நின்றது. அதற்கு மேல் ஏறவே இல்லை. கம்பெனியின் வலைத்தளத்தில் எங்கோ ஒரு மூலையில், பொடி எழுத்தில் அதே 60 வாட் போட்டிருந்தது. "பேரு ஒண்ணுதானேப்பா" என்றான். எனக்கு என் ஓய்வூதியக் காகிதம் ஞாபகம் வந்தது.

இந்த வாட் கணக்கைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் விஷயமே இதில்தான் இருக்கிறது.

துணைமின் நிலையத்தில் இருக்கும் பெரிய டிரான்ஸ்ஃபார்மரின் தகட்டைப் பார்த்திருக்கிறீர்களா? சிலவற்றில் 10/16 எம்விஏ என்று இரண்டு எண் இருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றுதான், செம்புச் சுற்றும் ஒன்றுதான், எண்ணெயும் ஒன்றுதான். விசிறி ஓடாமல், எண்ணெய் தானாகச் சுற்றிக் குளிர்ந்தால் 10 எம்விஏ சுமக்கும். பக்கத்தில் உள்ள விசிறிகளைப் போட்டுவிட்டால் அதே டிரான்ஸ்ஃபார்மர் 16 எம்விஏ சுமக்கும். ஆக, ஒரு இயந்திரத்தின் திறன் என்பது அதன் உள்ளே என்ன இருக்கிறது என்பதில் மட்டும் இல்லை. அதன் சூட்டை எவ்வளவு வேகமாக வெளியேற்ற முடிகிறது என்பதிலும் இருக்கிறது. கம்ப்யூட்டர் சில்லும் அப்படித்தான். அது சாப்பிடுகிற மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. டெஸ்க்டாப் பெட்டிக்குள் உள்ளங்கை அகல விசிறி மூன்று நான்கு வைக்கலாம். விரல் கனத்து லேப்டாப்புக்குள் என்ன வைக்க முடியும்? அதனால் அதைச் செய்கிறவனே 'இதற்கு மேல் எடுக்காதே' என்று ஒரு வரம்பு கட்டி அனுப்புகிறான்.

வரம்பு மட்டுமா? சில சமயம் சில்லே வேறு. எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம்: என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4070. டெஸ்க்டாப்புக்கு வருகிற 4070 கார்டில் 5,888 கணக்குக் கருக்கள், 12 ஜிபி நினைவகம், 200 வாட். லேப்டாப்புக்கு வருகிற 4070-ல் 4,608 கருக்கள், 8 ஜிபி நினைவகம், வாட் 35-லிருந்து 115 வரை லேப்டாப் செய்கிற கம்பெனியின் இஷ்டம். பெயரில் கடைசியில் 'லேப்டாப்' என்று ஒரு சொல் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். 4090 என்கிற பெரிய அண்ணனைப் பார்த்தால் இன்னும் மோசம். டெஸ்க்டாப்பில் 16,384 கருக்கள், 24 ஜிபி, 450 வாட். லேப்டாப்பில் 9,728 கருக்கள், 16 ஜிபி. இரண்டு பிரம்மதேசத்துக்கும் இவ்வளவு தூரம் இருக்கும்போது ஒரே பெயர் எதற்கு?

ஆனால் ஒரு தலைப்பட்சமாகப் பேசக் கூடாது. இதே வரிசையில் 4060 என்று ஒன்று உண்டு. அதில் இரண்டு பக்கமும் 3,072 கருக்கள்தான், 8 ஜிபிதான். டெஸ்க்டாப்பில் 115 வாட். லேப்டாப் தடிமனாக, காற்றோட்டம் நன்றாக இருந்து, அங்கேயும் 115 வாட் முழுதாகக் கொடுத்திருந்தால் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. இன்னொன்று, பாதி வாட் கொடுத்தால் வேகமும் பாதியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். வேகத்தைக் குறைக்கும்போது மின்னழுத்தத்தையும் சேர்த்துக் குறைக்கலாம். மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத்தான் மின்சாரச் செலவு ஏறி இறங்கும். அதனால் வேகத்தில் விழுகிற இழப்பு வாட்டில் விழுந்த இழப்பைவிடக் குறைவு. குறைந்த மின்சாரத்தில் நிறைய வேலை வாங்குவதில் லேப்டாப் கெட்டிக்காரன். தொடர்ந்து பாரம் தூக்குவதில்தான் அவனுக்குத் திணறல்.

கோல்ஃபுக்கு அந்தத் தொடர் பாரம் வேண்டுமா என்று கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஒரு பந்து பறக்கிற பாதையைக் கணக்கிட என்ன பெரிய கம்ப்யூட்டர் வேண்டும்?

உண்மைதான், பந்துக் கணக்குக்கு ஒன்றும் வேண்டாம். கோல்ஃப் பந்தின் எடை 45.93 கிராமுக்கு மிகக் கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. தொழில்முறை ஆட்டக்காரர் பெரிய குச்சியால் அடித்தால் அது மணிக்கு 270 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பும். நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு மேல் பின்பக்கமாகச் சுழலும். அந்தச் சுழற்சியும் பந்தின் மேலிருக்கிற குழிகளும் சேர்ந்துதான் அதைக் காற்றில் தாங்கிப் பிடிக்கின்றன. லாஞ்ச் மானிட்டர் கேமராவாலோ ரேடாராலோ வேகம், கோணம், சுழற்சி மூன்றையும் அளந்து அனுப்பிவிடும். மிச்சம் இருப்பது பாதைக் கணக்கு. அதைப் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் கூடக் கண் சிமிட்டுகிற நேரத்தில் போட்டுவிடும்.

பாரம் எங்கே என்றால் படம் வரைவதில். சாதாரண எச்டி படம் என்றால் ஒரு படத்துக்கு சுமார் 21 லட்சம் புள்ளி. 4கே புரொஜெக்டர் என்றால் 83 லட்சம் புள்ளி, அதாவது நான்கு மடங்கு. ஒரு விநாடிக்கு 60 படம். விநாடிக்கு ஏறக்குறைய 50 கோடி புள்ளி வண்ணம் பூச வேண்டும். ஒவ்வொரு மரத்துக்கும் இலைக்கும் நிழலோடு. ஒரு படத்துக்குக் கிடைக்கிற நேரம் விநாடியில் அறுபதில் ஒரு பங்கு. அதைத் தவறவிட்டால் திக்கல்தான். ஆபீஸ் வேலையில் கம்ப்யூட்டர் ஒரு நிமிடம் உழைத்து ஒன்பது நிமிடம் ஓய்வெடுக்கும். இங்கே நாலு பேர் ஆடி முடிக்கிற மூன்று மணி நேரமும் ஓய்வே கிடையாது. ஆள் அடிக்காமல் பேசிக்கொண்டு நின்றாலும் புல் காற்றில் ஆடிக்கொண்டுதான் இருக்கும். கராஜுக்குள் ஹீட்டர் வேறு.

ஆக, என் பையன் வீட்டு நிலவரம் என்ன? பெட்டி கராஜை விட்டு நகரப் போவதில்லை. பிளக் எப்போதும் சுவரில். இடம் இரண்டு கார் நிற்கிற அளவு. வேலை தொடர் பாரம். இந்த நான்கையும் வரிசையாக எழுதிப் பார்த்தால் பதில் தானாக டெஸ்க்டாப். நான் அவனிடம் ஒன்றைக் கூடக் கேட்காமல் பதில் சொல்லியிருந்தேன்.

திருப்பிக் கொடுக்கிற கெடு எப்போதோ முடிந்துவிட்டது. முதலில் இருப்பதை வைத்து என்ன செய்ய முடியும் என்று பார்த்தோம். புரொஜெக்டரை 4கே-யிலிருந்து எச்டிக்கு இறக்கினோம். நிழல்களைக் குறைத்தோம். லேப்டாப்பின் சொந்தத் திரையை அணைத்துப் பெரிய திரையில் மட்டும் படம் வரும்படி செய்தோம். சில லேப்டாப்களில் எச்டிஎம்ஐ துளை கிராஃபிக்ஸ் சில்லுக்கு நேராகப் போகாமல் சுற்றி வளைத்துப் போகும். இதில் இன்னொரு துளை நேராகப் போனது, கேபிளை அதற்கு மாற்றினோம். ஓரளவு ஆட முடிந்தது. ஆனால் குளத்துத் தண்ணீர் தார் ஊற்றினது போல ஆகிவிட்டது. இதற்கா இவ்வளவு செலவு செய்தேன் என்று அவன் முகத்தில் எழுதியிருந்தது.

கடைசியில் மருமகள் தீர்த்து வைத்தாள். "மாமா, என் பழைய லேப்டாப் போகப் போகுது. இத நான் எடுத்துக்கறேன். எனக்கு வாங்க வச்சிருந்த பணத்துல அவர் டெஸ்க்டாப் வாங்கட்டும்." பையனும் நானுமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்து வைத்துப் பூட்டினோம். 70 வயதில் பையனோடு உட்கார்ந்து திருகாணி முடுக்குவதில் ஒரு சுகம் இருக்கிறது. அது இந்தக் கட்டுரைக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். டெஸ்க்டாப் அவன் லேப்டாப்பைவிடக் குறைந்த விலையில் முடிந்தது. மூன்று மணி நேரம் ஓடினாலும் திக்கவில்லை. நாலு வருடம் கழித்துப் போதவில்லை என்றால் கார்டை மட்டும் கழற்றி வேறு போடலாம். லேப்டாப்பில் கிராஃபிக்ஸ் சில்லு பெரும்பாலும் பலகையோடு ஈயம் வைத்து ஒட்டினது. மாற்ற வேண்டுமென்றால் லேப்டாப்பையேதான் மாற்ற வேண்டும்.

இதோடு முடிந்திருந்தால் 'லேப்டாப் வேண்டாம், டெஸ்க்டாப் வாங்குங்கள்' என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். ஊருக்குத் திரும்பி வந்ததும் இரண்டாவது பாடம் காத்திருந்தது.

எங்களுக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று. அப்பா மரக்காணம் உப்பளத்தில் வேலை. இருட்டோடு போய் வெயில் ஏறுவதற்குள் உப்பு வாருகிறவர். ஐப்பசி மழை தொடங்கினால் தை வரைக்கும் பாத்தியில் தண்ணீர்தான், வேலை கிடையாது. மூவாயிரம் ஏக்கருக்கு மேல் உப்பளம் இருக்கிற ஊரில் அத்தனை தொழிலாளிக்கும் இதுதான் நிலைமை. அவருடைய பெண்ணுக்கு இன்ஜினியரிங்கில் கம்ப்யூட்டர் பிரிவு கிடைத்தது. அந்த வீட்டில் கல்லூரி வாசல் மிதிக்கிற முதல் ஆள். மகளிர் குழுவில் கடன் வாங்கி, சேர்த்து வைத்ததையும் போட்டு 55,000 ரூபாய் கையில் வைத்திருந்தார்கள். கடையில் 85,000-க்கு ஒரு 'கேமிங்' லேப்டாப்பைக் காட்டி, மிச்சத்துக்குத் தவணை போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். "டெஸ்க்டாப்புல வர்ற அதே கார்டும்மா இதுல. நாலு வருஷத்துக்குக் கவலையே இல்ல" என்றாராம் விற்பனையாளர்.

அப்பாவும் பெண்ணும் என்னிடம் வந்தார்கள். "சார், வாங்கலாமா?" என்றார் அவர்.

சூடு கண்ட பூனை இல்லையா நான். உடனே ஆரம்பித்தேன். "லேப்டாப்பே வேணாம். டெஸ்க்டாப் வாங்கிடுங்க. விலையும் கம்மி, கெட்டாலும் ஒவ்வொண்ணா மாத்திக்கலாம்." வாட், கரு, டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் சொன்னேன். அந்தப் பெண் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தது. காப்பி கொண்டு வந்த வீட்டுக்காரம்மா டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டாள்: "அது ஹாஸ்டல்ல போய் இருக்கப் போற பொண்ணு. அறைக்கு நாலு பேர். டெஸ்க்டாப்பை எங்க வைப்பா, தலை மேலயா?"

நான் வாயை மூடிக்கொண்டேன். மிச்சிகனில் செய்த அதே தவறு, இந்தத் தடவை தலைகீழாக. கேட்காமலேயே பதில்.

மறுபடி முதலிலிருந்து கேட்டேன். என்ன படிக்கப் போகிறாய்? முதல் இரண்டு வருடம் என்ன எழுதச் சொல்வார்கள்? சி, பைத்தான், ஜாவா. இதில் எதற்கும் தனி கிராஃபிக்ஸ் கார்டே வேண்டாம். பெட்டி எங்கே இருக்கும்? ஹாஸ்டல், வகுப்பு, நூலகம், லீவு விட்டால் வீடு. வீட்டில் மின்சாரம் எப்படி? "மழைக்காலத்துல அடிக்கடி போவும் தாத்தா" என்றது. 2024 நவம்பர் 30-ம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. மின்கம்பம் சாய்ந்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சாதாரண யூபிஎஸ் டெஸ்க்டாப்பைப் பத்துப் பதினைந்து நிமிடம் தாங்கும், அதுவும் வேலையைச் சேமித்துவிட்டு அணைப்பதற்குத்தான். சாதாரண லேப்டாப்பில் எழுத்து வேலை செய்தால் ஐந்தாறு மணி நேரம் தாராளமாக ஓடும்.

அந்த கேமிங் லேப்டாப்பும் பேட்டரியில் ஓடாதா என்று கேட்டது. ஓடும், ஆனால் வாங்கச் சொல்கிற காரணமே அப்போது இருக்காது. விமானத்தில் தடையில்லாமல் கொண்டு போகலாம் என்பதற்காகப் பெரிய லேப்டாப்பின் பேட்டரியைக் கூட 100 வாட்-மணிக்குள் நிறுத்திவிடுகிறார்கள். சில்லெல்லாம் சேர்ந்து 200 வாட் இழுத்தால் அரை மணியில் காலி. அதனால் பிளக்கைப் பிடுங்கியதும் அது தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும்.

இன்னொன்று, இது எங்கள் பக்கத்துக்கே உரியது. உப்புக்காற்று. சர்வீசில் இருந்தபோது மரக்காணம் லைனில் பீங்கான் இன்சுலேட்டர் மேல் உப்பு படிந்து, விடியற்காலைப் பனியில் நனைந்து, அதன் மேலேயே மின்சாரம் தாவி லைன் விழுந்த ராத்திரிகள் எத்தனையோ. உப்பு காய்ந்திருக்கிறவரை சாது. ஈரம் பட்டால் கடத்தியாகிவிடும், உலோகத்தையும் அரிக்கும். கம்ப்யூட்டருக்கும் அதே கதைதான். சூடு அதிகம் வெளியேற்றுகிற பெட்டி காற்றை அதிகம் இழுக்கும். காற்றோடு தூசியும் உப்பும் உள்ளே போகும். டெஸ்க்டாப் என்றால் வருடத்துக்கு இரண்டு தடவை மூடியைத் திறந்து பெயின்ட் பிரஷ்ஷால் தட்டலாம், நினைவகப் பட்டையின் பல்லைப் பென்சில் ரப்பரால் தேய்த்துப் போடலாம். லேப்டாப்பில் அதற்கும் கடைக்குத்தான் ஓட வேண்டும். ஆகவே உப்பளக் கரையில் லேப்டாப் வைத்திருப்பவர் சூடு குறைவான, காற்று குறைவாக இழுக்கிற லேப்டாப்பாகப் பார்த்து வாங்குவது நல்லது. தனி கிராஃபிக்ஸ் இல்லாத சாதாரண லேப்டாப் அதற்கும் பொருந்தும்.

கடைசியில் 16 ஜிபி நினைவகம், 512 ஜிபி எஸ்எஸ்டி, தனி கார்டு இல்லாமல் ஒன்று வாங்கினார்கள். கையிலிருந்த 55,000-க்குள் அடங்கி, கைப்பைக்கும் மிஞ்சியது. தவணை இல்லை. 30,000 ரூபாய் என்பது நமக்கு ஒரு தொகை. மழை மூன்று மாதம் வேலையில்லாத வீட்டுக்கு அது அரிசி.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன்.

லேப்டாப்பா டெஸ்க்டாப்பா என்று கேட்டால், எது உசத்தி என்கிற பட்டிமன்றம் வேண்டாம். அந்தப் பெட்டி எங்கே உட்காரும், யார் தூக்குவார்கள், எவ்வளவு நேரம் தொடர்ந்து உழைக்கும், மின்சாரம் எப்படி என்கிற நான்கு கேள்விக்குப் பதில் கிடைத்தால் மற்றது தானாக வரும். கோல்ஃப் சிமுலேட்டர் போல ஒரே இடத்தில் உட்கார்ந்து மணிக்கணக்கில் படம் வரைகிற வேலைக்கு டெஸ்க்டாப்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இடமே இல்லை, லேப்டாப்தான் முடியும் என்கிறவர்கள் மெலிந்ததை விட்டுவிட்டுத் தடித்ததை வாங்க வேண்டும். ஊர் ஊராகத் தூக்கிப் போகிறவருக்கு, படிக்கிற பிள்ளைக்கு, லேப்டாப்தான். ஆனால் கார்டு பெயருக்காக ஒரு ரூபாய் கூட அதிகம் கொடுக்கக் கூடாது.

விற்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் ஒரு ஐந்து எச்பி மோட்டார் வாங்கினால் அதன் முதுகில் ஒரு தகடு இருக்கும். எத்தனை கிலோவாட், எத்தனை ஆம்பியர், எத்தனை சுற்று என்று அடித்திருக்கும். கிணற்று மேட்டில் நிற்கிற விவசாயி கூட அதைப் படித்துத்தான் வாங்குவார். பல்பு அட்டையில் கூட வாட் இருக்கிறது. ஒரு லட்ச ரூபாய் லேப்டாப்பின் அட்டையில் மட்டும் கிராஃபிக்ஸ் சில்லுக்கு எத்தனை வாட் கொடுத்திருக்கிறோம் என்று பெரிய எழுத்தில் போட என்ன தயக்கம்? வலைத்தளத்தில் போட்டிருக்கிறோமே என்பார்கள். உப்பளத்திலிருந்து வருகிற அப்பாவும் பெண்ணும் வலைத்தளத்தின் அடிமூலையைப் படித்துவிட்டா கடைக்கு வருவார்கள்? அட்டையில் வேண்டும், முன்பக்கம் வேண்டும், தமிழிலும் இருந்தால் இன்னும் நல்லது. வேறு சில்லுக்கு வேறு பெயர் வையுங்கள். அதுவும் முடியாது என்றால் வாட் எண்ணையாவது பெயரோடு சேர்த்து எழுதுங்கள். எங்கள் ஊருக்குக் கடிதம் போடுகிறவர்கள் 'மரக்காணம் வழி' என்று சேர்த்து எழுதுவதில்லையா, அதுபோல.

அது நடக்கிற வரைக்கும் வாங்கப் போகிறவர்கள் கடையில் மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று, "இந்த கிராஃபிக்ஸ் எத்தனை வாட்?" தெரியாது என்று சொன்னால் தெரிந்தவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். இரண்டு, "அரை மணி நேரம் ஓட்டிக் காட்டுங்க." முதல் ஐந்து நிமிட வேகத்தை நம்பாதீர்கள், புது மாப்பிள்ளை மாதிரி அது. மூன்றாவது கேள்வி கடைக்காரரிடம் இல்லை, உங்களிடமே: "இந்த கார்டு எனக்கு எதற்கு?" பதில் வரவில்லை என்றால் பணத்தைப் பையிலேயே வையுங்கள்.

போன வாரம் அந்தப் பெண் லீவுக்கு வந்திருந்தது. லேப்டாப்பில் தானே எழுதிய ஒரு சின்ன நிரலைக் காட்டியது. அப்பா எத்தனை பாத்தியில் எத்தனை மூட்டை வாரினார், கூலி எவ்வளவு வர வேண்டும், எவ்வளவு வந்தது என்று கணக்கு வைக்கிற நிரல். படம் இல்லை, நிழல் இல்லை, வெறும் எண்கள். பந்துப் பாதைக் கணக்கைப் போல எந்தப் பழைய கம்ப்யூட்டரும் ஓட்டிவிடும். அந்த அப்பா கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு அந்த எண்களையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பையனின் 4கே குளத்தை நானும் பார்த்தவன்தான். ஆனால் இப்படி யாரும் உற்றுப் பார்த்ததில்லை.

அன்று இரவு பையன் வீடியோவில் வந்தான். "அப்பா, அடுத்த குளிருக்கு வாங்க. புது மைதானம் ஒண்ணு ஏத்தியிருக்கேன்" என்றான். வருகிறேன் என்றேன். இந்தத் தடவை நாலாவது பந்தாவது குளத்தைத் தாண்ட வேண்டும்.